பச்சைப் புள்ளிக்காரன்

அத்தியாயம் ஏழு

"திருடன்னு பட்டம் கட்டினா எவனாவது நன்றி சொல்வானா? இவன் சொல்லியிருக்கான்!"

ஒன்னி பலோசுவோ கையிலிருந்த காகிதத்தை ஆட்டிக்கொண்டே கத்தினான். தம்மெலா சந்தையில் பனி முழங்கால் உயரம் கிடந்தது. கறுப்புத் தொத்திறைச்சிக் கடைக்கு முன்னால் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காகவே வெட்கப்பட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வேலையை விட்டு நிறுத்தி வைக்கிறோம்னு கம்பெனித் தலைவர் வெய்க்கோ சொன்னாராம். 'சரி, நன்றி'ன்னு சொல்லிட்டு இல்போ வீட்டுக்குக் கிளம்பிட்டானாம். சண்டை இல்ல, சத்தியம் இல்ல, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்ல!"

"ஃபின்லாந்துக்காரன்" என்றாள் ஹில்க்கா.

"நானும் ஃபின்லாந்துக்காரன்தான்."

"உன்னை யாரு கணக்குல சேர்த்தா?"

ஹில்க்கா வூரென்மா பேச்சைச் செலவழிக்கும் விதம் அப்படி. தம்பெரே நகரத்தில் துப்பறியும் தொழில் நடத்தி ஐம்பது வயதைத் தாண்டிவிட்டவள். அவளுடைய உதவியாளன் ஒன்னியோ கரேலியாக்காரி பெற்ற பிள்ளை; வாய் மூடினால் மூச்சு முட்டும் சாதி. அவள் சேமிப்பதையெல்லாம் அவன் ஊதாரித்தனமாய் அள்ளி இறைப்பான். இரண்டு பேரும் சேர்ந்தால் சராசரியாக ஒரு மனிதன் பேசும் அளவு வரும்.

"திரும்பச் சொல்லு. சுருக்கமா" என்று தொத்திறைச்சியைப் புளிப்புப் பழக்கூழில் தோய்த்தாள்.

"சால்மிவியெஸ்தின்னு கம்பெனி. ஆபீஸ்களுக்குள்ள ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் சட்டுனு செய்தி அனுப்பிக்கிறதுக்கான சர்வர் செஞ்சு விக்கிறாங்க. துறைமுகங்களோட பெரிய ஒப்பந்தத்துக்கு விலை போட்டாங்க. போட்டிக் கம்பெனி ஒரு மயிரிழை கீழ போட்டுத் தூக்கிட்டுப் போயிடுச்சு. விலை முன்கூட்டியே வெளியில போயிருக்கு. போனது எந்த வழியா? இவங்க சொந்த சர்வர் வழியாவே! பூட்டுக் கடைக்காரன் வீட்டுலயே களவு."

"எப்போ போச்சு?"

"ஒப்பந்தக் குழு ஆறு பேரும் ஏரிக்கரை சௌனாவுல ஆவிக் குளியல்ல உட்கார்ந்திருந்தப்போ. அப்போ கம்பெனித் திரையில தெரிஞ்சதைப் பிடிச்ச படம்தான் இது." காகிதத்தை அவள் மூக்குக்கு நேரே பிடித்தான். ஆறு பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வண்ணப் புள்ளி. "நாலு மஞ்சள், ஒரு சாம்பல், ஒரே ஒரு பச்சை. பச்சைன்னா போனும் கையுமா இருக்கான்னு அர்த்தம். அந்தப் பச்சை, சர்வரைக் கட்டிக் காக்கிற இல்போ கெத்துகங்காஸ். இன்னைக்கு மத்தியானக் காபிக்குள்ள நாம வேற ஆளைக் காட்டலைன்னா அவனை டிஸ்மிஸ் பண்ணி போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் இந்தத் தொழில்ல எவனும் அவனை வாசப்படி ஏத்தமாட்டான்."

ஹில்க்கா படத்தைப் பார்த்தாள். பச்சையை அவள் சட்டை செய்யவேயில்லை என்பது ஒன்னிக்கு எரிச்சலாக இருந்தது.

"தின்னுட்டியா? வா" என்றாள்.

*

இல்போவின் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நாய். செம்பட்டை நிறம், வயிறு உப்பல், முகத்தில் உலகத்து வருத்தமெல்லாம். அதற்குப் பின்னால் ஏறக்குறைய அதே முகத்தோடு இல்போ வந்தான். காபி ஊற்றினான், இலவங்கப்பட்டை ரொட்டி வைத்தான், எதிரில் உட்கார்ந்தான். அதன் பிறகு சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"சர்வரைப் பத்திச் சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி" என்றாள் ஹில்க்கா.

அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டான். சர்வர் என்றதும் கன்னத்தில் ரத்தம் ஏறியது.

"சர்வர்னா ஒரே ஆள் இல்ல. உள்ள நாலஞ்சு வேலைக்காரங்க. செய்தியை வாங்கி உரியவன்கிட்ட சேர்க்கிறவன் ஒருத்தன். யார் முழிச்சிருக்கா, யார் எழுந்து போயிட்டான்னு புள்ளி வெச்சுச் சொல்றவன் ஒருத்தன். போனைக் கொஞ்ச நேரம் தொடலைன்னா அவனே மஞ்சளாக்கிடுவான். போனதையெல்லாம் எடுத்து வைக்கிற காப்பகத்துக்காரன் ஒருத்தன். வெளிக் கம்பெனிக்குப் போற செய்தியை விடறதுக்கு வெளிவாசல்காரன்."

"போட்டிக் கம்பெனிக்கு எதுக்குய்யா வாசல் திறந்து வெச்சீங்க?" என்றான் ஒன்னி.

"முன்ன ஒரு வேலையைச் சேர்ந்து செஞ்சோம். மூடச் சொல்லி எழுதிக் குடுத்தேன். யாரும் படிக்கல."

"காப்பகத்துல அனுப்பினவன் பேர் இருக்குமே?"

"இருக்காது. அந்தச் செய்தி பொது ஜன்னல் வழியா போச்சு. 'உதவி மேசை'ன்னு ஒரே பேர்ல குழுவுல யார் வேணா பதில் சொல்லலாம். வாடிக்கையாளருக்கு ஆள் பேர் தெரியக் கூடாதுன்னு வெய்க்கோ உத்தரவு. காப்பகத்துலயும் 'உதவி மேசை'தான்."

"நல்ல ஏற்பாடு. முகமூடி கம்பெனி செலவுலயே குடுத்திருக்கீங்க" என்றான் ஒன்னி.

இல்போவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹில்க்கா ரொட்டியைப் பிய்த்தபடி சாவகாசமாகக் கேட்டாள்:

"அன்னைக்கு சௌனாவுல நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"உள்ள, ஆவி அடிக்கிற மேல் படியில?"

"ஆமா."

"சூடு எப்படி?"

"நல்லா இருந்துச்சு." இல்போ காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். "முதல்ல நான்தான் வெளிய வந்தேன். அவ்வளவுதான்."

"புள்ளி வைக்கிற வேலைக்காரன் இருக்கானே, எந்த நேரத்துல எந்த நிறம்னு அவன் எங்கயாவது குறிச்சு வைப்பானா?"

நாய் கூட நிமிர்ந்து பார்த்தது. இல்போ எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டான்.

படியிறங்கும்போது ஒன்னி, "அவன்தான்!" என்றான். "கேள்வி கேட்டா பாத்திரம் கழுவறான். என் மூணு காதலிகளும் பொய் சொல்லும்போது இதைத்தான் செஞ்சாங்க."

"மூணு பேர் இருந்தாங்களா?"

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா! நான் ஒன்னும் வெளிவாசல் திறந்து வெச்சவன் இல்ல."

*

ஏரி உறைந்து கிடந்தது. கரையில் கம்பெனியின் சௌனா, கறுத்த மரப்பலகைகளால் கட்டிய குட்டி வீடு. பின்பக்கம் விறகுக் கொட்டகை. வாசலில் மேனேஜிங் டைரக்டர் வெய்க்கோ ரவுத்தலஹ்தி மலைபோல் நின்றார். பக்கத்தில் விற்பனைத் தலைவன் அவுலிஸ் பிஹ்கலா. ஒழுங்காய் வாரிய தலை, ஒழுங்கான கம்பளிச் சட்டை, ஒழுங்கான வருத்தம். வந்தவர்களுக்குப் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

"எனக்கு மனசே ஆறலை" என்றான் அவுலிஸ். "இல்போ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி."

"அவன் வீட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று ஒன்னி கேட்டான்.

அவுலிஸ் பிளாஸ்கை மூடுவதில் மும்முரமாகிவிட்டான்.

உடை மாற்றும் அறையில் பூர்ச்ச மரப்பட்டையில் முடைந்த கூடை ஒன்று மாட்டியிருந்தது. "போன் எல்லாம் இதுலதான் போடணும்" என்றார் வெய்க்கோ. "சௌனாவுக்குள்ள போனோட போறவன் சர்ச்சுக்குள்ள தூண்டிலோட போறவன் மாதிரி. இல்போவுக்கு மட்டும் விதிவிலக்கு, சர்வர் விழுந்தா அவன்தானே எழுப்பணும்? அந்தச் சலுகையைத்தான் படுபாவி இப்படிப் பயன்படுத்தியிருக்கான்."

"வெளிய போன விலையை எப்போ முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டாள் ஹில்க்கா.

"காலையில வேற விலை வெச்சிருந்தோம். சூட்டுல உட்கார்ந்ததும் மூளை தெளிஞ்சுது. ரெண்டு லட்சம் யூரோ குறைன்னு மேல் படியிலதான் சொன்னேன்."

"அதைக் காகிதத்துல எழுதினீங்களா? வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எதுக்கு? எல்லாரும் அங்கதானே இருந்தாங்க! விடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னேன்."

இது அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய புத்தி. கூட்ட அறையில் ஒன்றைச் சொன்னால் குறிப்பெடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், மூன்று பேருக்குப் பிரதி அனுப்புவார்கள். அதையே துணியில்லாமல் உட்கார்ந்து சொன்னால் வேதவாக்கு. அங்கே யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்பது அநாகரிகம்.

"இல்போவை உள்ள பார்த்தீங்களா?"

"பார்த்தேனாவா? ஆவி, இருட்டு, வெறும் முதுகுங்க. முதுகைப் பார்த்து ஆள் சொல்ல நான் என்ன டாக்டரா? ஆனா இருந்தான். நாங்க வெளிய வந்தப்போ தலை ஈரமா, துண்டோட நின்னான். அதுக்கு முன்னாடியே இறங்கிட்டான்னு அர்த்தம்."

"நடுவுல யாரெல்லாம் எழுந்து போனாங்க?"

"அவுலிஸ் ஒருத்தன் பனியில புதைச்ச பீரை எடுத்துட்டு வரப் போனான். எப்பவும் அவன்தான் போவான். தங்கமான பையன்."

தங்கமான பையன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். ஹில்க்கா அதைக் காணாதவள் போலப் பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தாள். ஒன்னி பின்னாலேயே ஓடினான்.

விறகு அடுக்கின் இடுக்கில், அடுப்பு நெருப்பின் இதம் சுவர் வழியாய்க் கசிந்து வரும் மூலையில், ஒரு மரத்துண்டு. அதன்மேல் தேய்ந்துபோன மெத்தை. சுற்றிலும் உப்பு அதிமதுர மிட்டாயின் காலிப் பெட்டிகள், பழசும் புதுசுமாக ஒரு சின்னக் குன்று. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாய்க்கு அடியில் மட்டும் தரை உறைந்து பளபளத்தது.

"யாரோ குடித்தனம் நடத்தியிருக்கான்!" என்றான் ஒன்னி. "எலியா இருந்தா இவ்வளவு ஒழுங்கா பெட்டி அடுக்காது."

ஹில்க்கா முதல்முறையாகச் சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ கேடுகாலம் என்று ஒன்னிக்குத் தெரியும்.

"இல்போவை ஆபீசுக்கு வரச்சொல்லு. குழு மொத்தமும் வேணும்" என்றாள்.

*

கூட்ட அறையில் காபி தயாராக இருந்தது. இல்போ கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கிளம்பத் தயாரானவன்போல் உட்கார்ந்திருந்தான். எதிர்வரிசையில் குழுவின் மற்ற மூன்று இன்ஜினீயர்களும் ஒருவர் தோளை ஒருவர் இடிக்காத தூரத்தில்.

ஹில்க்கா புள்ளிப் படத்தை மேசையில் விரித்தாள்.

"விலையை அனுப்பினவன் மேல் படியில உட்கார்ந்து அதைக் காதால கேட்டவன். அதே சமயம் கையில போன் இருந்தவன். ரெண்டும் சேர்ந்திருக்கணும். நீங்க எல்லாரும் பச்சையை மட்டும் பார்த்தீங்க. சாம்பலை யாருமே பார்க்கல."

"அது என் பேர்" என்றான் அவுலிஸ், கொஞ்சமும் அலட்டாமல். "சார்ஜ் தீர்ந்து போன் செத்துப்போச்சு. செத்த போன் சாம்பலாத்தானே காட்டும்?"

"ஆமாமா, காட்டும்" என்றார் வெய்க்கோ. இன்ஜினீயர்கள் மூவரும் தலையசைத்தார்கள்.

ஒன்னி ஹில்க்காவைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். போச்சு, இன்றைக்குச் சம்பளம் வாங்கின மாதிரிதான் என்று அவன் மனம் தளர்ந்த நேரத்தில் கதவுப்பக்கமிருந்து குரல் வந்தது.

"அப்படிக் காட்டாது."

எல்லாரும் திரும்பினார்கள். இல்போவின் காது சிவந்திருந்தது. தன்னைத் திருடன் என்றபோது பொறுத்துக்கொண்டவன், தன் சர்வரைப் பற்றித் தப்பாகச் சொன்னதைப் பொறுக்கமாட்டாமல் எழுந்தே விட்டான்.

"போன் செத்தா சாம்பல் புள்ளிக்குக் குறுக்க ஒரு கோடு விழும். இதுல கோடு இல்ல. கோடு இல்லாத சாம்பல் கையால வெச்சது. 'நான் இருக்கேன், ஆனா இல்லைன்னு சொல்லு'ன்னு சர்வர்கிட்ட கேட்டு ஒளிஞ்சுக்கிறது."

"கூடையில போடப் போற போனை எதுக்கு ஒளிக்கணும்?" என்றாள் ஹில்க்கா, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவுலிஸ் சிரித்தான். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றது. "பொத்தானைத் தவறுதலா அழுத்தியிருப்பேன். அதுவா சாட்சி?"

"அது சாட்சி இல்ல" என்று ஹில்க்கா ஒப்புக்கொண்டாள். "ஆனா ஒளிஞ்சுக்க விரும்பறவன் அதை ஒருத்தன்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும். அவுலிஸ் சொன்னது சர்வர்கிட்ட. ஒளிஞ்ச பிறகு என்ன செஞ்சார்னு புள்ளி வைக்கிற வேலைக்காரனுக்குத் தெரியும். இல்லையா இல்போ?"

இல்போ உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"குறிப்புப் பக்கம் ஒன்னு இருக்கு" என்றான் மெதுவாக. "என் சாவியாலதான் திறக்கும்."

"அடேய், அப்போ இத்தனை நாளா ஏன் திறக்கல?" என்று வெய்க்கோ மேசையில் குத்தினார். கோப்பைகள் துள்ளின.

"ஆறு பேர் தடமும் ஒரே பக்கத்துல வரும். ஒருத்தரை மட்டும் பிரிச்சுக் காட்ட முடியாது."

ஒன்னிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மெத்தை, மிட்டாய்ப் பெட்டிகள், குழாய், ஈரத் தலை! கொட்டகையில் குடித்தனம் நடத்திய எலி இதோ உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறக்கப் போனவனின் காலை ஹில்க்கா மேசைக்கடியில் மிதித்தாள். உன் வாயால் வரக்கூடாது, இல்போ வாயால் வரவேண்டும் என்பது அந்த மிதியின் பொருள். வலியோடு புரிந்துகொண்டான்.

பாவமாக இருந்தது. டிஸ்மிஸ், போலீஸ், ஊர் வாய், எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ள இந்த மனிதன் தயாராக இருந்திருக்கிறான். ஒன்றே ஒன்றைச் சொல்லாமலிருக்க. திருடனுக்காவது இந்த நாட்டில் சிறை என்று ஓர் இடம் உண்டு. அந்தச் சிறையிலும் சௌனா உண்டு!

இல்போ மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். சாவிச் சொல்லைத் தட்டினான். கடைசிப் பொத்தானை அழுத்துமுன் தலை நிமிராமல் சொன்னான்:

"எனக்கு சௌனா பிடிக்காது."

இன்ஜினீயர்களில் ஒருவர் காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன?" என்றார் வெய்க்கோ.

"பிடிக்காது. மூச்சு முட்டும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இங்க சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட உள்ள வந்ததில்ல. பின்னாடி விறகுக் கொட்டகையில உட்கார்ந்திருப்பேன். நீங்க வெளிய வர்ற சத்தம் கேட்டா குழாயில தலையை நனைச்சுக்குவேன்." பொத்தானை அழுத்தினான். "பாருங்க."

சுவர்த்திரையில் ஆறு கோடுகள் ஓடின. நாலு மஞ்சள், தூங்கி வழிந்தபடி. இல்போவின் கோடு சௌனா தொடங்கியதிலிருந்து முடியும்வரை விடாத பச்சை. கம்பெனியின் நாய் வளர்ப்போர் அரட்டை அறையில் இருந்திருக்கிறான். செய்திகளும் காப்பகத்திலிருந்து பக்கத்தில் வந்து விழுந்தன. 'இன்னும் போகவில்லை.' 'பூசணிக்கூழ் கொடுத்தேன்.' 'கொஞ்சம் போனது, ஆனால் கெட்டியாக.' நாயின் வயிற்றைப் பற்றி, மலையளவு கவலையோடு, மூச்சு விடாமல்.

"மேல் படியில உட்கார்ந்து இதை எழுத முடியாது" என்றாள் ஹில்க்கா. "படியில உட்காராதவனுக்கு விலை தெரியாது. நீங்க குற்றம்னு நினைச்ச பச்சைதான் அவர் நிரபராதிங்கிறதுக்கு அத்தாட்சி."

ஆறாவது கோடு சாம்பல். சௌனாவுக்குள் போகுமுன் கையால் ஒளிந்தது. நடுவில், அவுலிஸ் பீர் எடுக்க வெளியே போன நேரத்தில், அந்தச் சாம்பல் கோட்டின் மேல் ஒரு சின்னக் கொக்கி. அதில் எழுதியிருந்தது: பொது ஜன்னல் திறக்கப்பட்டது, வெளிவாசல் வழியே ஒரு செய்தி.

"அவன் கொண்டுவந்த பீரைக் குடிச்சுக்கிட்டே 'தங்கமான பையன்'னு சொன்னேனே!" என்றார் வெய்க்கோ.

"அந்தக் கம்பெனியில என்ன பதவி குடுக்கறதா சொன்னாங்க?" என்று ஹில்க்கா கேட்டாள்.

அவுலிஸ் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். கதவருகே இல்போவைத் தாண்டும்போது நின்று, உதட்டைக் கோணினான்.

"நான் காட்டிக் குடுத்தவன்தான். ஆனா ஒருநாளும் ஆவிக்குப் பயந்து விறகோட விறகா உட்கார்ந்ததில்ல."

ஒன்னி பாய்ந்து கதவை மறித்தான். "உட்காருடா. போலீஸ் வர்ற வரைக்கும் காபி குடி. இன்னொருத்தன் ஊத்தினது, பயப்படாம குடிக்கலாம்."

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. உண்மை என்னவென்றால், அந்த அறையில் துரோகத்தைவிடப் பெரிய அதிர்ச்சி மற்றதுதான். துரோகி எந்த ஊரிலும் பிறப்பான். சௌனா பிடிக்காதவனை அந்த நாலு பேரும் இன்றுதான் உயிரோடு பார்க்கிறார்கள். இல்போ தலை குனிந்து மடிக்கணினியை மூடினான். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன், மரமண்டைகளே, என்று ஒன்னி வாய்க்குள் திட்டினான்.

கடைசியில் வெய்க்கோ எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து இல்போ முன்னால் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாழ்நாளில் இரண்டு முறைதான் சொல்லியிருப்பார், இரண்டும் மனைவியிடம்.

"வேலை உன்னோடதுதான். வெளிவாசலை நீ சொன்னபடியே மூடிடு. நீ எழுதிக் குடுத்ததைப் படிக்காதது என் தப்பு." தொண்டையைச் செருமினார். தன்னிடமுள்ள மிகப் பெரிய மரியாதையைத் தேடி எடுத்தார். "வர்ற வெள்ளிக்கிழமை மேல் படியில என் பக்கத்து இடம் உனக்கு. மெதுவா, சூட்டைக் குறைச்சு வைக்கச் சொல்றேன். பழகிடும்."

எல்லாரும் இல்போவைப் பார்த்தார்கள்.

"வரமாட்டேன்" என்றான் இல்போ.

அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாகக் காதால் கேட்டவன் போலக் கொஞ்சம் யோசித்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, வெய்க்கோவின் கண்ணைப் பார்த்து, இன்னும் சத்தமாகச் சொன்னான்.

"வரமாட்டேன்."